பட்டை உரித்தவர்கள் வழி காட்டுகிறார்கள்



சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்க்கலாம். நிறையப் பேர் இருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் எல்லாம் புலிக் காட்டுக்குள் போய் வந்தவர்கள்! ஆமாம். ஐயப்பன் கோயில் இருப்பது பெரியார் புலிகள் காப்பகத்துக்குள்தான். சத்திரம், புல்மேடு வழியாக நடப்பவர்கள் அந்தக் காட்டின் நடுவிலேயே போகிறார்கள்.

இந்தக் காப்பகம் கேரளத்தில் இருக்கிறது. பரப்பு 925 சதுர கிலோமீட்டர். இதன் வாசல் தேக்கடி. நம் தேனி மாவட்டத்துக் கம்பத்தைத் தாண்டி மலை ஏறினால் குமுளி. குமுளிக்கு அடுத்தது தேக்கடி.

தேக்கடியில் ஒரு பெரிய ஏரி உண்டு. பென்னிகுவிக் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் பெரியாற்றை மறித்து அணை கட்டினார். 1895-ல் வேலை முடிந்தது. அந்த அணையால் தேங்கிய தண்ணீர்தான் இந்த ஏரி. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இதே தண்ணீர் தேனி, மதுரை வயல்களுக்கு வருகிறது. அன்று மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் ஏரிக்குள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும்.

ஏரியில் படகு விடுகிறார்கள். காலையில் முதல் படகில் போவது நல்லது. கோடைக் காலத்தில் காட்டுக்குள் ஓடைகள் வற்றிவிடும். அப்போது யானைகள் குட்டிகளோடு ஏரிக் கரைக்கு வரும். காட்டெருமை, கடமான், காட்டுப்பன்றி எல்லாம் வரும். நீர்நாய்கள் மீன் பிடிப்பதையும் பார்க்கலாம்.

புலி? அது அநேகமாகத் தெரியாது. அது ஒளிந்து வாழும் பிராணி. “காசு கொடுத்து வந்தோம், புலியைக் காணோமே!” என்று சிலர் படகுக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். புலி என்ன கூண்டிலா இருக்கிறது?

படகில் இன்னொன்றும் உண்டு. எல்லோரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். 2009 செப்டம்பர் 30-ல் இந்த ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்துபோனார்கள். யானையைக் கண்டால் எழுந்து ஒரு பக்கம் ஓடத்தான் மனசு சொல்லும். ஓடக் கூடாது.

சரி, காட்டுக் கதைக்கு வருவோம். நாட்டில் புலிகள் குறைந்துகொண்டே வந்தன. வேட்டையைத் தடுக்க 1972-ல் சட்டம் வந்தது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியது. 1978-ல் பெரியார் காடும் அதில் சேர்ந்தது. ஆனால் சட்டம் போட்டதும் களவு நின்றுவிடுமா?

பெரியார் காட்டில் வயணா என்று ஒரு மரம் இருக்கிறது. அதன் பட்டை, கறிமசாலில் போடும் பட்டை போலவே மணக்கும். நல்ல விலை போகும். காட்டை ஒட்டி வாழ்ந்த ஏழைகள் கூட்டமாக உள்ளே போவார்கள். நாள் கணக்கில் தங்குவார்கள். மரத்தைச் சுற்றிப் பட்டையை உரிப்பார்கள். சுற்றி உரித்தால் மரம் செத்துப்போகும். சோற்றுக்குக் கறி வேண்டுமே, அதற்கு மானை அடிப்பார்கள். பிடிபட்டால் வழக்கு, ஜெயில். வெளியே வந்தால் மறுபடியும் காடு. வேறு பிழைப்பு ஏது? லாபமோ பட்டையை வாங்கிய வியாபாரிக்கு.

வனத்துறைக்காரர்கள் அவர்களை விரட்டினார்கள். அவர்கள் ஓடினார்கள். இப்படியே பல வருஷம் போனது.

1990-களின் பிற்பகுதியில் வனத்துறை வேறு மாதிரி யோசித்தது. இந்தக் காட்டை இவர்களை விட நன்றாக அறிந்தவர் யார்? யானை எந்தத் தடத்தில் வரும், புலி எங்கே தண்ணீர் குடிக்கும், எல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. உட்கார்ந்து பேசினார்கள். களவை விடுங்கள், வழக்கையும் விட்டுவிடுகிறோம், காட்டைக் காக்கும் வேலை தருகிறோம் என்று பேச்சு. இருபதுக்கு மேற்பட்டவர்கள் சம்மதித்தார்கள். அவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டானது.

இன்று காட்டுக்குள் நடந்து பார்க்க வருபவர்களை இந்தச் சங்கத்தார் கூட்டிப் போகிறார்கள். துப்பாக்கியோடு ஒரு வனக் காவலரும் கூட வருவார். கூடாரம் போடுவது, சமைப்பது, அட்டை கடிக்காமல் இருக்கக் காலுக்கு உறை மாட்டிவிடுவது எல்லாம் இவர்களே. கடமான் திடீரென்று கத்தினால் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்துவார்கள். பக்கத்தில் புலி நடமாட்டம் இருந்தால் கடமான் அப்படிக் கத்தும். அன்று மான் அடிக்கக் கற்ற பாடம், இன்று விருந்தாளியைக் காக்க உதவுகிறது. நடக்கும்போதே காவலும் நடக்கிறது. புதிதாக எவனாவது பட்டை உரிக்கப் புகுந்தால் இவர்கள் கண்ணுக்குத் தப்ப முடியாது.

பார்க்க வருபவர்கள் கட்டும் பணம் சங்கத்துக்குப் போகிறது. அதிலிருந்துதான் இவர்களுக்குக் கூலி. தேக்கடிக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டணம் அதிகம் என்று முணுமுணுத்துவிட்டு, கமிஷன் ஆசாமியோடு திருட்டு வழியில் காட்டுக்குள் போவது சரியில்லை. அந்தக் காசு காட்டைக் காப்பவன் கைக்குப் போகாது. உயிருக்கும் ஆபத்து. சீட்டு வாங்கிப் போனால், உங்கள் பணமும் ஒரு காவல்காரன்தான்.

மன்னான், பளியர் என்ற பழங்குடி மக்களும் அங்கே வாழ்கிறார்கள். மிளகு பயிரிடுகிறார்கள். முன்பெல்லாம் கொடி காய்க்கும் முன்பே வியாபாரியிடம் கடன். விளைந்த மிளகு அவன் சொன்ன விலைக்குப் போகும். இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன? சங்கம் வந்த பிறகு அந்தக் கடனை அடைக்க வழி பிறந்தது. கடன்காரன் நெருக்காதபோது, காட்டில் கை வைக்கும் தேவையும் குறைந்தது.

2006-ல் கணக்கெடுத்தபோது நாடு முழுவதும் சுமார் 1,411 புலிகள்தான் இருந்தன. 2022-ல் அது சுமார் 3,682. கணக்கெடுக்கும் முறையும் இடையில் மேம்பட்டது. ஆனாலும் புலி பெருகியிருக்கிறது.

மாலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருமுடியில் பிளாஸ்டிக் பை வேண்டாம். உப்பும் எண்ணெயும் ஒட்டிய பையை மான் தின்னும், யானையும் தின்னும். அது வயிற்றில் சிக்கிச் சாகும். அரிசியைத் துணிப் பையில் கட்டினால் குறைந்தா போகும்?

தாய்மார்களுக்கு ஒரு சேதி. குமுளிப் பக்கத்துப் பெண்கள் 2002-ல் வசந்த சேனை என்று ஒரு படை தொடங்கினார்கள். காட்டில் சந்தன மரங்களை வெட்டிக் கடத்தும் கூட்டம் இருந்தது. அதைத் தடுக்க முறை வைத்துக்கொண்டு காட்டுக்குள் ரோந்து போனார்கள். இன்று சில பேர், நாளை வேறு சில பேர். சம்பளம் கிடையாது. வீட்டு வேலையை முடித்துவிட்டு காலையில் கிளம்புவார்கள். கையில் ஆயுதம் கிடையாது. ஒவ்வொரு சந்தன மரமும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மாலையில் வந்து அடுப்புப் பற்ற வைப்பார்கள்.