கணக்கை உரக்க வாசிக்கும் ஊர்



ஊரிலும் அரசின் கொள்கையிலும் மாற்றத்தைக் கொண்டுவரக் கற்பது எப்படி என்பதுதான் இந்தக் கருத்தரங்கின் பொருள். இதைச் சென்னையில் குளிரூட்டிய அரங்கில் வைத்துப் பேசி, மதியச் சாப்பாட்டோடு கலைந்துவிடுவது வழக்கம். சாலவாக்கத்தில் வைத்தது நல்ல காரியம். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தவர்களுக்கு, பேச வேண்டிய விஷயத்தில் ஒன்று வழியிலேயே கண்ணில் விழுந்திருக்கும்.

இந்த வட்டாரத்தில் மைக் பிடிக்கிற எவரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தொடாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. நானும் தொடுகிறேன். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது என்று மார்தட்டுவதற்காக அல்ல. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுப்பது குடவோலை முறை. முதல் பராந்தகன் காலத்தில் அதற்கு விதி எழுதியது 919-இல். இரண்டே ஆண்டில், 921-இல், மறுபடி எழுதினார்கள். முதலில் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது. பிறகு முப்பத்தைந்திலிருந்து எழுபது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் ஓலைக்கு ஆகார் என்று கட்டினார்கள். ஏன்? இரண்டு ஆண்டு நடத்திப் பார்த்ததில் எங்கே ஓட்டை என்று தெரிந்திருக்கும். மகன் போனால் மருமகன் வருவான் என்பது அன்றைக்கும் நடந்ததுதான் போலிருக்கிறது. கல்லில் வெட்டிய விதியையே இரண்டு ஆண்டில் மாற்றியிருக்கிறார்கள். நாமோ காகிதத்தில் அச்சடித்த திட்ட வழிகாட்டியைத் தொட அஞ்சுகிறோம்.

இன்னொரு விவரமும் அந்தக் கல்லில் இருக்கிறது. குடத்திலிருந்து ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் அதை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிய ஓலையை உரக்க வாசிக்க வேண்டும். அங்கே இருக்கும் பூசாரிகளான நம்பிமார் எல்லோரும் அதை மறுபடி வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது, படிப்பவர் பெயரை மாற்றிச் சொல்லக் கூடாது. நல்லவரைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. நல்லவரையும் நம்பாத ஒரு முறையை வகுத்தார்கள்.

அதே மூச்சில் மற்றதையும் சொல்லிவிட வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி இவை இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். பெண்கள் கிடையாது. அந்த நிலத்தை உழுதவன் பெயர் போகவே இல்லை. அவன் கதையைத் தேடினால் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு தாண்டி, செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் அலுவலகத்துக்கு வர வேண்டும்.

1891-இல் அங்கே பொறுப்புக் கலெக்டராக இருந்தவர் ட்ரெமென்ஹீர். அந்த மாவட்டத்துச் சேரிகளின் நிலையை விவரித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதில் நான் முக்கியமாகக் கருதுவது வறுமை பற்றிய வர்ணனையை அல்ல. வறுமை எப்படிக் கட்டிக் காக்கப்பட்டது என்ற விளக்கத்தை. சர்க்கார் தரிசைக் கேட்டு யார் வேண்டுமானாலும் தர்காஸ்து, அதாவது மனு, போடலாம் என்பது பேச்சு. பரம்பரை நில உரிமை பெற்ற மிராசுதாருக்கே முதல் உரிமை என்பது நடப்பு. மனு போட்டவன் குடியிருக்கும் மனையும் மிராசுதாரின் பிடியில். நிலம் கேட்ட மறுநாள் வீட்டை விட்டுக் கிளம்பு என்றால் அவன் எங்கே போவான்? வீட்டுமனையைக் கையில் கொடுக்காமல் விளைநிலம் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது புரிந்துதான் அந்த அறிக்கை எழுதப்பட்டது. கொள்கை ஆய்வு படிக்கிற மாணவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அந்த அறிக்கையை ஒட்டி, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணை வந்தது. ஒதுக்கிய நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. பஞ்சமி நிலம் என்ற பெயரில் சென்னை மாகாணம் முழுவதும் இப்படி வழங்கியது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கோழியாளத்தில், இங்கிருந்து வெகு தொலைவில்லாத ஊரில், பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அடுத்த ஆண்டே, 1893-இல், ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஆணை ஒரு பக்கம், அதைப் படித்துச் சொல்லப் பத்திரிகை மறுபக்கம். ஆனாலும் பத்திரிகை எத்தனை சேரிக்குப் போய்ச் சேரும்? நிபந்தனை பதிவேட்டில் இருந்தது, பதிவேடு கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்தது. கைமாற்றுப் பத்திரங்கள் நடந்தன. பல ஊர்களில் பட்டா மாறியது. இன்றைக்கும் ஒரு பஞ்சமி நிலத்தை அடையாளம் காண வேண்டுமென்றால் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் இப்போதைய ‘அ’ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சர்வே எண் உட்பிரிவு ஆனதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து வர வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் பஞ்சமி நில மீட்பு இயக்கம் வலுப்பெற்றது.

1994 ஒரு விசித்திரமான ஆண்டு. ஏப்ரலில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டிச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். டிசம்பர் 2 அன்று ராஜஸ்தானத்தில் கோட் கிரானா என்ற ஊரில், சென்னையில் பிறந்த அருணா ராயும் அவருடைய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தோழர்களும் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். பஞ்சாயத்து வேலையின் வருகைப் பட்டியலையும் பில்களையும் ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே போகாதவன் தன் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தான்.

தகவல் பெறும் உரிமைக்கு நாட்டிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். பெருமைதான். ஆனால் விலக்குகள் அதிகம், அதைக் கேட்டு நின்ற கூட்டமும் இல்லை. சட்டம் பெயருக்கு இருந்தது. ராஜஸ்தானத்துக் கூலியாட்கள் தர்ணா இருந்து வளர்த்த கோரிக்கைதான் 2005-இல் தேசியச் சட்டமாயிற்று. நம் மாநிலத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. கீழே பயிற்சி இல்லாமல் மேலே எழுதிய சட்டம் என்னவாகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இருந்தும் நடக்காததற்கு இன்னோர் உதாரணம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளின் கதை. தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் பத்து ஆண்டு தேர்தல் முடக்கப்பட்டது. வேட்புமனு போடவே ஆள் இல்லை, வென்றவர் உடனே ராஜினாமா. 1997-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்வான முருகேசனையும் உடன் சென்றவர்களையும் வெட்டிக் கொன்ற பிறகு யாருக்குத் துணிச்சல் வரும்? 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அரசின் உறுதி, அன்றைய மதுரை ஆட்சியர் உதயசந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, பல காலம் குரல் கொடுத்த இயக்கங்கள் எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. எது எவ்வளவு காரணம் என்பதில் இங்கே வந்திருக்கும் ஆய்வாளர்கள் சண்டை போட வேண்டும் என்று விரும்புகிறேன். வெற்றிக் கதை என்று ஒரு பத்தியில் எழுதி முடித்துவிடாதீர்கள்.

இனி இன்றைய ஊராட்சிகளுக்கு வருவோம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30 என்ற பெயரில் சபையில் வைக்க வேண்டும். பல ஊர்களில் என்ன நடக்கிறது? முதலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பிறகு போட்டோ, பிறகு டீ. தீர்மானப் புத்தகம் மாலையில் நிரம்பும். படிவம் 30 ஒரு பிளக்ஸில் தொங்கும். அதைப் படிக்கக் கிட்டே போகிறவரைப் பார்த்து ‘என்னம்மா, கணக்கு வாத்தியாரா?’ என்று ஒரு கிண்டல். அந்தக் கிண்டலைத் தாண்டி நிற்கும் தெம்பு எங்கிருந்து வருகிறது என்பதை ஆராயுங்கள். மகளிர் குழுவில் பல ஆண்டு வரவு செலவு எழுதிப் பழகியவர்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும் என்பது என் ஊகம்.

கல்குவாரி விஷயமும் அப்படித்தான். சுரங்க, கனிமச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. சுரங்கத்தாலும் குவாரியாலும் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், உடல்நலம், சுற்றுச்சூழலுக்குத்தான் அந்தப் பணம் முதலில் போக வேண்டும். ரோட்டில் உட்கார்ந்து லாரியை மறிப்பது பலருக்கும் தெரியும், மறிக்கவும் வேண்டும்தான். அதோடு அந்த நிதியில் இந்த ஒன்றியத்துக்கு என்ன வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று எழுத்தில் கேட்கக் கற்றால் பேச்சு வேறு மட்டத்துக்குப் போகும்.

கட்டுரையாளர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை. எந்த ஊரைப் பற்றி எழுதுகிறீர்களோ, அந்த ஊர்ச் சபையில் உங்கள் முடிவுகளைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் தப்பு என்று சொன்னதையும் சேர்த்து அச்சுக்குக் கொடுங்கள். இன்று ஒவ்வொரு அமர்விலும் முதல் கேள்வி இந்த வட்டாரத்து மக்களுடையதாக இருக்கட்டும். ஆய்வாளர்கள் அதற்குப் பிறகு கேட்கலாம். முதல் அமர்வின் பொருள் ஏரிப் பாசனச் சங்கங்கள். கட்டுரை வாசிப்பவர் மேடைக்கு வரலாம்.