கிணறு அளந்தவர்கள்

(நேரலை இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியக் கூட்டத்தில் கல்லையும் தண்ணீரையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் யோசித்தார். ஆனந்த குமாரசுவாமியில் இருந்து தொடங்குகிறேன் என்றேன். உடனே சம்மதித்துவிட்டார்.

குமாரசுவாமி என்றால் நமக்கு நினைவு வருவது 1918இல் வந்த 'சிவ நடனம்'. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அவர் அரசாங்க உத்தியோகத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். 1877இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் சேர் முத்துக்குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயப் பெண். இரண்டு வயதிலேயே தகப்பனை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்தார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவையின் முதல் இயக்குநராக இருந்தார்.

அளவை என்றால் ஊர் ஊராகப் போக வேண்டும். எந்த மலையில் காரீயம், எந்த ஆற்றுப்படுகையில் இரத்தினக்கல் என்று பார்த்து எழுத வேண்டும். 1904இல் சப்பிரகமுவப் பக்கத்து இரத்தினக்கல் சரளையில் கிடைத்த ஒரு கல் ஆய்வுக்குப் போனது. கறுப்பு நிறம், கையில் எடுத்தால் நல்ல பாரம், சின்னச் சின்னக் கன சதுரம். பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெரியவந்தது. தோரியனைற்று என்று பெயர் வைத்தார்கள். புதிய கனிமம்!

தோரியம் என்றால் பலருக்கு அணு உலைதான் நினைவு வரும். அந்தக் காலத்தில் அதன் தேவை வேறு. காஸ் விளக்கின் மாண்டிலுக்குத் தோரியம் வேண்டும். நம்முடைய கோயில் திருவிழாக்களில் பெற்றோமாக்ஸ் தூக்கிக்கொண்டு போவார்களே, அதன் வெள்ளை வெளிச்சமும் தோரியம் தோய்த்த மாண்டிலில் இருந்து வந்ததுதான்.

அரசாங்கம் அவரிடம் கேட்டது ஒரு கேள்வி: இந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது? அவர் அதற்குப் பதில் எழுதினார். கூடவே மண்ணுக்கு மேலே இருந்தவர்களையும் பார்த்தார். குயவரையும் கொல்லரையும் சித்திரம் எழுதுபவரையும் அவர் கண்டது அந்தப் பயணங்களில்தான். மனைவி எதெல் படம் எடுத்தார். அதெல்லாம் சேர்ந்து 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய நூலானது. கல்லை எப்படிப் பார்த்தாரோ அப்படியே கைவினையையும் பார்த்தார். என்ன பொருள், என்ன அளவு, யார் செய்தது, எப்படிச் செய்தது. பெருமூச்சு விடுவதற்கு முன்னர் அளந்துகொண்டார்.

இது எனக்கு ஏன் முக்கியம் என்றால், என் அப்பாவும் அளந்தவர்தான். கல்லை அல்ல, கிணற்றை.

அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் அவருக்கு வேலை. வலிகாமத்துக் கிணறுகளுக்குச் சைக்கிளில் போவார். நாடாவை இறக்கித் தண்ணீர் மட்டம் பார்ப்பார், போத்தலில் தண்ணீர் எடுப்பார், கொப்பியில் எழுதுவார். கிணற்றடியில் யாராவது ஆச்சி தேத்தண்ணி கொடுத்தால் அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்வார். "தம்பி, எங்கட கிணறு வத்தாதுதானே?" என்று எல்லோரும் கேட்பார்களாம். "நீங்கள் இறைக்கிறதைப் பொறுத்தது அம்மா" என்பாராம்.

அவர் சொன்னது விளையாட்டுக் கதை அல்ல. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. உப்புநீர் பாரம் கூடியது, அதனால் நன்னீர் மேலே நிற்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும். மேலே ஒரு அடியை நிரந்தரமாக இறைத்துவிட்டால், கீழே உப்பு 40 அடி ஏறிவிடும். துலா காலத்தில் மனிதனின் கை களைத்துப்போகும், கிணறு தப்பும். மிசினுக்குக் களைப்பு இல்லை.

புத்தூர் நிலாவரையை அடியில்லாக் கிணறு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்பது கதை. அதற்கு அடி உண்டு. மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உவர். ஒரு கிணற்றுக்குள்ளேயே குடாநாட்டின் நிலத்தடி முழுவதையும் காணலாம். கதையைவிட அந்த உண்மை எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இரவு, மழை, சனம். அம்மா அடையாள அட்டைகளையும் நகையையும் எடுத்தா. அப்பாவின் கொப்பிகள் அலுமாரிக்கு மேலே இருந்தன. திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை.

அப்பா இப்போது என்னுடன் இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மறந்துவிடும். போன மாதம் கேட்டேன், "அப்பா, எங்கட வளவுக் கிணறு?" யோசிக்கவே இல்லை. "கோடையில பதினெட்டு அடி. மாரியில ஆறு. நல்ல தண்ணி. ஆவணியில மட்டும் கொஞ்சம் உவர் தட்டும்."

நான் அந்தக் கிணற்றைப் பற்றி மூன்று கவிதைகளும் ஒரு சிறுகதையும் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் அந்தப் பதினெட்டு அடி இல்லை. ஆவணி உவர் இல்லை. என் ஏக்கம் மட்டும் இருந்தது. கிணற்றை எடுத்துவிட்டு அங்கே ஒரு மாமரத்தை வைத்தாலும் அந்தக் கவிதைகள் அப்படியே நிற்கும். எழுதியவனுக்கு இது வெட்கம்.

புலம்பெயர்ந்த நம்முடைய எழுத்தில் ஊர் நிறைய வருகிறது. ஊரின் நிலம் குறைவாகவே வருகிறது. அரசாங்க அறிக்கைகளில் ஆச்சியின் தேத்தண்ணி இருக்காது, நம் கவிதைகளில் தண்ணீர் மட்டம் இருக்காது. குமாரசுவாமி இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தார். அப்பா ஒரே கொப்பியில் எழுதினார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரம் கேளுங்கள். கிணறு எத்தனை அடி? யார் வெட்டியது? எத்தனை பேருக்குப் பங்கு? எந்த மாதம் சுவை மாறும்? சொல்வதை அப்படியே, அலங்காரம் இல்லாமல் எழுதி வையுங்கள். கவிதை பிறகு வரட்டும்.

நான் ஒரு புதிய கொப்பி வாங்கியிருக்கிறேன். இதுவரை பதினொரு கிணறுகள் ஏறியிருக்கின்றன. பன்னிரண்டாவது கிணற்றின் சொந்தக்காரர் பெயர் அப்பாவுக்கு நினைவு வரவில்லை. நாளைக்குத் திரும்பக் கேட்பேன்.