பாக்கைப் பற்றியும் கேட்போம்



புற்றுநோய் ஆய்வுத் துறைக்கு என்னைவிட அதிகம் உழைத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, இந்தக் கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். பெருமையும் சிறிது படபடப்புமாக நன்றி சொல்கிறேன்.

"மரபு, உணவு, சூழல்: புற்றுநோய் பற்றி மக்கள் அறிந்தவை" என்பது கருத்தரங்கின் தலைப்பு. அடிப்படைகளை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பரம்பரை மரபணுப் பிறழ்வால் வரும் புற்றுநோய்கள் 5 முதல் 10 சதவீதம்தான். உணவின் பங்கை 1981-இல் ஆய்வாளர்கள் டாலும் பீட்டோவும் அமெரிக்கப் புற்றுநோய் மரணங்களை வைத்து 35 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். 10 முதல் 70 வரை இருக்கலாம் என்றும் சேர்த்தே எழுதினார்கள். மேடைகளில் 35 மட்டும் நின்றது, எல்லைகள் உதிர்ந்துவிட்டன. இவற்றையெல்லாம் அடுத்த அமர்வுகள் விரிவாகப் பார்க்கும்.

நான் பேச வந்தது பாக்கைப் பற்றி; அதை நெய்யூர் மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறேன். நெய்யூர் என்றதும் எவரெஸ்ட் ஏறப்போன மருத்துவர் சாமர்வெல் நினைவுக்கு வருவார். அதே மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஓர் (Orr) என்பவரை எத்தனை பேர் நினைக்கிறோம்? திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி அவர் 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். வெற்றிலையைக் கன்னத்தில் எந்த இடத்தில் ஒதுக்கி வைக்கிறார்களோ அந்த இடத்திலேயே புண் தொடங்குவதைக் கவனித்தார். நோயாளிகளை நோயற்றவர்களோடு ஒப்பிட்டார். டாலும் ஹில்லும் லண்டனில் நுரையீரல் புற்றையும் சிகரெட்டையும் இணைத்து எழுதியது 1950-இல். நம் பாடநூல்களோ காரணம் தேடும் ஆய்வின் கதையை லண்டனிலிருந்துதான் தொடங்குகின்றன. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959-இல் வெளியிட்ட வாய்ப்புற்று ஆய்வுக்கும் அதே கதிதான்.

இங்கே மூத்த நண்பர்கள் சிலரோடு எனக்குள்ள பழைய கருத்து வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். "புகையிலையை விலக்கினால் போதும், வெறும் வெற்றிலை பாக்கில் ஆபத்தில்லை" என்பது அவர்கள் நிலைப்பாடு. அதற்கு அன்று ஆதாரம் இருந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைத்தான் உறுதியான காரணியாகக் கொண்டது. புகையிலை இல்லாததற்குச் சான்று போதாது என்றது. ஆனால் 2004-இல் அதே முகமை புகையிலை இல்லாத வெற்றிலையையும், பாக்கையும்கூட, மனிதருக்குப் புற்று தருவது உறுதியான முதல் தொகுதிக் காரணிகளில் சேர்த்துவிட்டது. முகமை மாறியது, நம் துண்டுப் பிரசுரங்கள் மாறவில்லை.

விளைவை வெளிநோயாளர் பிரிவில் பார்க்கலாம். இளைஞர் ஒருவரை வாயைத் திறக்கச் சொல்கிறோம். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒரு விரல்தான் நுழைகிறது. உட்கன்னம் வெளுத்து இறுகிக் கிடக்கிறது. "புகையிலையைத் தொட்டதே இல்லை சார், வெறும் பாக்குதான்" என்கிறார். அவர் சொல்வது உண்மை. இதை அறியாமை என்று எழுதுவது அநியாயம். புகையிலை தீது என்று நாம் சொன்னதை அவர் அப்படியே கேட்டு நடந்திருக்கிறார்.

மரபு பற்றிய குழப்பமும் இங்கேதான் முளைக்கிறது. தாய்க்கு வந்த புற்று மகளுக்கும் வந்தால் ஊர் அதைப் பரம்பரை என்கிறது. அந்த வீட்டில் வெற்றிலைப் பெட்டியும் தாயிடமிருந்து மகளுக்குப் போயிருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. "எங்க குடும்பத்துல யாருக்குமே இல்லையே" என்று நிம்மதியாக மெல்பவரும் அதே குழப்பத்தின் மறுபக்கத்தில் நிற்கிறார். ஒரு குடும்பத்தில் நோய் திரும்பத் திரும்ப வந்தால் மரபணுவையும் தேட வேண்டும், பழக்கத்தையும் விசாரிக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்கும் ஆய்வு பாதி ஆய்வே.

ஆகவே இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இனி நாம் தயாரிக்கும் ஒவ்வொரு வினாப்பட்டியலிலும் பாக்கும் புகையிலையும் தனித்தனி வரிகளில் இருக்கட்டும். எந்தக் கன்னத்தில் ஒதுக்குவீர்கள், வீட்டில் வேறு யார் போடுகிறார்கள் என்றும் கேட்போம். பிரசுரங்களில் "புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் தரும்" என்று பட்டவர்த்தனமாக அச்சிடுவோம். மக்களுக்குத் தெரியவில்லை என்று அளந்து சொல்லும் முன், அவர்களிடம் நாம் சரியாகச் சொன்னோமா என்று அளக்க வேண்டும். நிறைவு நாளில் இதைத் தீர்மானமாக முன்மொழிவேன். மறுப்பவர்கள் சான்றுகளோடு வாருங்கள், விவாதிக்கக் காத்திருக்கிறேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.