கொசு விரட்டியும் விமானப் பயணமும்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் வீடுகளில், பெட்டி கட்டும் கடைசி இரவை நினைத்துப் பாருங்கள். ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு எல்லாம் அடுக்கியாயிற்று. "அங்கேயும் டெங்கு இருக்காமே" என்று யாரோ சொல்ல, அலமாரியில் இருந்த கொசு ஸ்பிரே டப்பா ஒன்று பெட்டி ஓரத்தில் ஏறிவிடுகிறது. டெங்குவை நினைவூட்டியவர் சொன்னது சரிதான். ஆனால் எடுத்துவைத்த டப்பா எது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

நாம் "கொசு ஸ்பிரே" என்று ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கை கால்களில் பூசிக்கொள்வது. அது கொசுவை நம்மிடம் அண்டவிடாது. மற்றொன்று, கட்டிலுக்கு அடியிலும் மூலை முடுக்கிலும் அடிப்பது. அது பூச்சியைக் கொல்லும் மருந்து. எரியக்கூடிய வாயுவை அழுத்தி அடைத்த இந்தப் பூச்சிக்கொல்லி டப்பாவைப் பயணிகள் கைப்பையிலும் வைக்கக்கூடாது, சரக்கறைக்குப் போகும் பெரிய பெட்டியிலும் வைக்கக்கூடாது.

உடம்பில் அடிக்கும் ஸ்பிரேயிலும் அதே மாதிரி வாயு இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் வாசனைத் திரவியம், மருந்து போல உடம்புக்கு வேண்டிய பொருள் என்பதால் அதற்கு ஓர் அளவுக்குள் சலுகை தந்திருக்கிறார்கள். ஒரு டப்பா 500 மில்லிக்கு மேல் போகக்கூடாது. இந்த வகைப் பொருட்கள் எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 2 லிட்டரைத் தாண்டக்கூடாது.

கைப்பைக்கு விதி இன்னும் இறுக்கம். 2006-இல் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்தது இது. வெளிநாட்டு விமானங்களில் திரவம், கிரீம், ஸ்பிரே எதுவானாலும் பொதுவாக 100 மில்லி புட்டிக்குள்தான் இருக்க வேண்டும். இதில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. 150 மில்லி டப்பாவில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் என்றாலும் விடமாட்டார்கள். புட்டியின் கொள்ளளவுதான் கணக்கு. சில நாடுகளும் விமான நிறுவனங்களும் இன்னும் கண்டிப்பாக இருக்கும். கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வைக்கும்போது ஸ்பிரேயின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். மூடி தொலைந்துபோயிருந்தால் அந்த டப்பாவை விட்டுவிடுங்கள். துணிகளுக்கிடையே அமுக்கப்பட்டு, வழியெல்லாம் பீய்ச்சிக்கொண்டே போகும். டீட் என்ற மருந்து கலந்த விரட்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்க ராணுவத்துக்காக 1946-இல் உருவான அந்த மருந்து பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மூக்குக்கண்ணாடியில் பட்டால் மேற்பரப்பு மங்கிப் பிசுபிசுக்கும். தனியாக ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கொண்டுபோகாமலே இருந்துவிடலாமே என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. கொசுவலைக்குள் தூங்கினால் மட்டும் போதாது. பூங்காவுக்கும் கோயிலுக்கும் போகும் நேரத்தில்தான் விரட்டி வேண்டும். வெயிலுக்கான கிரீம் பூசுபவர்கள் முதலில் அதைப் பூசி, அதன் மேல் விரட்டியைப் பூசுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு டீட் கூடாது. அந்தப் பிஞ்சுகளுக்குக் கொசுவலைதான் காவல்.

எளிய வழி ஒன்று சொல்கிறேன். உடம்பில் பூசும் கிரீம் சின்னக் குழாயாக ஒன்று கைப்பையில் இருக்கட்டும். அறையில் அடிக்கும் டப்பா வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். பெட்டியைப் பூட்டுமுன், உங்கள் கையில் இருக்கும் டப்பாவின் எழுத்தை வெளிச்சத்தில் ஒரு தடவை படித்துவிடுங்கள். வயதானவர்கள் தனியாகப் பயணம் போனால், வீட்டில் இருக்கும் இளையவர்கள் அதைப் படித்துச் சொல்லுங்கள்.