உப்புக் காற்றும் ஒரு பழைய காரும்



அந்தமானுக்குக் குடிவந்த தமிழர் ஒவ்வொருவரும் ஊரிலிருந்து ஏதேனும் ஒரு பொருளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருப்பர். ஒருவர் அம்மியைக் கொணர்ந்தார். மற்றொருவர் முருங்கைக் கொம்பைக் கொணர்ந்தார். என் தந்தையார் கொணர்ந்தது ஒரு கார். சென்னைத் துறைமுகத்தில் ஏறிய அது, ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர் கடலைக் கடந்து, மூன்றாம் நாள் ஹேடோ துறையில் இறங்கிற்று. அந்த நகரம் அப்போது போர்ட் பிளேர். 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது.

அந்தக் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் உருவாக்கத் தொடங்கினர். வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். இதே வண்டியின் அடிச்சட்டத்தைச் சற்றுக் குறுக்கி அமைத்ததே, 1962இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே எங்கள் வண்டியை ஒரு பந்தயக் குதிரையின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். சென்னையில் ஹெரால்டு உற்பத்தி 1971இல் நின்றுவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு மாலை, தந்தையாரை அமர்த்திக்கொண்டு சிடியாடாப்புக்குப் புறப்பட்டேன். நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். காடும் மேடும் கலந்த பாதை. பாதி வழியில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. முன்புறத்திலிருந்து ஆவி கிளம்பிற்று. இறங்கிப் பார்த்தேன், ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி ஓரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கைக்கெட்டும் தூரத்தில் கடல். கையில் வாளியும் இருந்தது. கடல்நீரை மொள்ளப் போன என்னைத் தந்தையார் தடுத்தார். “தம்பி, நமக்குத் தாகமெடுத்தால் அதைக் குடிப்போமா? வண்டிக்கும் அப்படித்தான்” என்றார். சாலையோர வீட்டார் ஒருவர் தந்த குடிநீரைக் கொண்டு, இடையிடையே நின்று நின்று இரவில் வீடு சேர்ந்தோம்.

ரேடியேட்டரின் வேலை எளிது. என்ஜினில் சூடேறிய நீர் மேல்தொட்டிக்கு வந்து, மெல்லிய குழாய்கள் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். குழாய்களைச் சுற்றியுள்ள தகட்டு இதழ்கள் அந்த வெப்பத்தைக் காற்றுக்கு வழங்கிவிடும். மேலேயுள்ள மூடி வெறும் மூடியன்று. அது உள்ளழுத்தத்தைக் காப்பது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் ஏறினால், நீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயரும். ஆகவே சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிநீரை வாரி இறைத்துக்கொள்வார். என்ஜின் ஆறும் வரை காத்திருப்பதே அறிவுடைமை.

நீர் குறைந்தால் உடனே ரேடியேட்டரைக் குற்றம் சொல்லுதல் கூடாது. ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். அதன் பட்டை தளர்ந்திருக்கலாம். நீர் பம்பின் அச்சோரம் கசியலாம். மூடியின் ரப்பர் வளையம் இற்றிருக்கலாம். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் நீர் மறைகிறதெனில், ஹெட் காஸ்கெட் பழுதாகி நீர் என்ஜினுக்குள் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே ரேடியேட்டரைக் கழற்றினேன். ஹெரால்டில் முன்மூடி, பக்கத் தகடுகளோடு ஒன்றாக முன்னோக்கிக் கவிழும். ஆதலால் கழற்றுவது கடினமன்று.

அதற்கு முன் நண்பர் ஒருவர் மஞ்சள்தூள் வைத்தியம் சொன்னார். லாரி ஓட்டுநர் பலரும் அறிந்ததே அது. தூள் நீரில் ஊறிப் பருத்து ஓட்டையை அடைக்கும் என்பது மெய்தான். ஆனால் ஓட்டை எது, வழி எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும். நடுக்காட்டில் நின்றவன் ஊர் சேர உதவும் உபாயம் அது, பழுது நீக்கமாகாது.

நான் செய்த முதல் பிழை அவசரம். தொலைபேசியிலேயே பேசி, சென்னையில் ஒரு கடையிலிருந்து ‘புதிய’ ரேடியேட்டரை வரவழைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கப்பலில் வந்தது. பொருத்தப் போனால் கீழ்க்குழாய் வாய் மறுபுறம் இருந்தது. வேறு வண்டிக்கு உரியது! அளவெடுத்து, படம் பிடித்து அனுப்பாதது என் குற்றமே. தீவில் வாழ்பவனுக்குத் தவறான பொருள் ஒன்று வந்தால், பணத்தோடு ஒரு மாதமும் போய்விடும்.

பின்னர் ஜங்கிலிகாட் பக்கத்தில் ஒரு பட்டறைக்காரரை நாடினேன். அவரும் தமிழரே, எழுபதைக் கடந்தவர். வாய்களை அடைத்து, உள்ளே மெல்லக் காற்றேற்றி, ரேடியேட்டரை நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார். குமிழி எழுந்த இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டார். தொட்டி ஓரத்தைச் சுரண்டித் துலக்கி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றை உருக்கி வைத்தார். அருகிலுள்ள பழைய பற்று இளகாதிருக்க ஈரத்துணியைச் சுற்றினார். முடிவில் பற்றுத் திராவகத்தின் மிச்சம் உலோகத்தைத் தின்றுவிடும் என்று நன்றாகக் கழுவினார்.

ஒரு மாதம் ஓடிற்று. மீண்டும் கசிந்தது, இம்முறை வேறிடம். அவரிடம் கொண்டுபோனேன். ஆணி முனையால் ஓர் இதழைத் தொட்டார். பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

“தம்பி, மறுபடியும் பற்று வைத்துக் காசு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மாதமும் நீங்கள் வருவீர்கள். அது எனக்கு வருமானம். உங்களுக்கு ரிப்பேர் இல்லை. எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?”

“வீட்டுக் கிணற்று நீர்தான், ஐயா.”

“வீடு எங்கே?”

“சிப்பிகாட் பக்கம்.”

அவர் சிரித்தார். 2004ஆம் ஆண்டுச் சுனாமியின்போது தெற்கு அந்தமானின் நிலமே தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது யாவரும் அறிந்ததே. அந்த உவர்ப்பு எங்கள் கிணற்றிலும் ஏறியிருந்தது. பித்தளை, செம்பு, ஈயப்பற்று, என்ஜினின் வார்ப்பிரும்பு ஆகிய வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்திருந்தால், மின்கலத்தில் நிகழ்வது போன்றே ஒன்று அரிக்கப்படும். வெளியே கடற்காற்று, உள்ளே கிணற்று நீர் என்று இருபுறமும் உப்பே தின்றிருக்கிறது. கடல்நீர் ஊற்றாதிருக்கத் தடுக்கப்பட்ட நான், ஆண்டுக்கணக்காக அதையே சிறிது சிறிதாக ஊற்றி வந்திருக்கிறேன்!

“பழைய இரும்புக்குப் போட்டுவிடட்டுமா?” என்று மனம் தளர்ந்து கேட்டேன். “தொட்டி இரண்டும் கெட்டியாக இருக்கின்றன. நடுப்பாகம்தான் போயிற்று. அதை மட்டும் மாற்றலாம்” என்றார் அவர். அவ்வாறே ரேடியேட்டரைச் சென்னைக்கு அனுப்பினேன். இம்முறை நீளம், அகலம், கனம், குழாய் வரிசை, வாய் அமைந்த பக்கம் எல்லாவற்றையும் தாளில் வரைந்து உடன் வைத்தேன். பழைய தொட்டிகளுக்கு நடுவே புதிய செம்புக் குழாய்த்தொகுதி அமைந்து திரும்பி வந்தது. என்ஜினின் நீர்வழியை முன்னும் பின்னுமாகக் கழுவிவிட்டு, வாலை நீரும் துருத்தடுப்புக் குளிர்திரவமும் கலந்து நிரப்பினேன்.

இதில் கற்ற பாடத்தைச் சுருங்கச் சொல்கிறேன். கசிவு ஓரப் பற்றில் ஓரிடத்தில் மட்டும் எனில் பற்றுவைப்பது போதும். இதழ்கள் பொடிந்து குழாய்கள் பலவிடங்களில் இற்றிருந்தால், நடுத்தொகுதியை மாற்றுவதே சிக்கனம். தொட்டியும் கிழிந்திருந்தாலன்றி முழுதும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. இக்காலத்து அலுமினிய ரேடியேட்டருக்கு இந்த ஈயப்பற்று ஒட்டாது. அதற்கு முறை வேறு. எந்த வண்டியாயினும் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். கடலோரம் ஓட்டி வந்தால், ஆறிய பின் இதழ்களை நன்னீரால் மெல்லக் கழுவுங்கள். மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் மங்களூரிலும் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும்; உப்புக் காற்று எங்கும் ஒன்றே.

அந்தப் பட்டறைக்காரர் இரண்டாம் முறை என்னிடம் ஒரு காசும் வாங்கவில்லை. “வேலையே செய்யவில்லையே” என்றார். உண்மை சொன்னதே பெரிய வேலை என்பது என் கருத்து.

சென்ற பங்குனியில் தந்தையாரை மீண்டும் சிடியாடாப்புக்கு அழைத்துச் சென்றேன். மேடேறும்போது இருவருமே வெப்பமானியைப் பார்த்தவாறிருந்தோம். முள் நடுவிலேயே நின்றது. கதிரவன் கடலில் இறங்கும் வரை அங்கே அமர்ந்திருந்துவிட்டு, வழியில் எங்கும் நில்லாமல் வீடு திரும்பினோம்.