கண்ணைப் பாருங்கள், வயசைப் பார்க்காதீர்கள்!

(“லாரி ஓட்டுநர்களுக்கு வயது உச்சவரம்பு தேவையா?” என்ற தலைப்பில், ‘தேவையில்லை’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது)

‘வயசான காலத்தில் எதுக்கு ஸ்டியரிங்?’ என்று கேட்ட எதிரணிச் சகோதரர்களே! 

நான் சங்ககிரிக்காரி. எங்க பக்கத்தில் ஒரு வீட்டிலே லாரி ஓனர், அடுத்த வீட்டிலே டிரைவர், எதிர் வீட்டிலே புக்கிங் ஆபீஸ் இருக்கும். நாமக்கல் போனால் பாடி கட்டுவாங்க. திருச்செங்கோடு போனால் போர் போடுகிற ரிக் வண்டி வரிசையாக நிற்கும். பெண் பார்க்க வந்தால்கூட மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்கமாட்டாங்க, எத்தனை வண்டி என்றுதான் கேட்பாங்க. (சிரிப்பு) நான் வண்டிக்காரர் மகள் இல்லை ஐயா, வண்டி ஓட்டுகிறவர் மகள். முப்பத்தைந்து வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர் எங்கப்பா.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். சரக்கு வண்டி ஓட்ட 20 வயசு ஆகணும் என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறதே, மேலே ஒரு கோடு போட்டால் என்ன என்றார். நல்ல கேள்வி. கீழ்க்கோடு வேணும்தான். பதினேழு வயசுக் கிளீனர் பையனிடம் சாவியைக் கொடுக்கச் சொல்லி நான் வாதாட வரவில்லை. ஆனால் பிள்ளைகள் வளருவது ஏறக்குறைய ஒரே கணக்கு. முதுமை அப்படியில்லை. ஒருத்தர் வீட்டுக் கதவை ஐம்பதிலே தட்டும், இன்னொருத்தர் தெருப்பக்கம் எழுபதிலேயும் வராது.

எங்க வீட்டிலே நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு அப்போது வயசு 54. லோடு ஏற்றிக்கொண்டு தர்மபுரி தாண்டி வருகிறார், ராத்திரி ரெண்டு மணி. தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட இடம் என்று. எதிர்ப்பக்கம் வருகிற வண்டி லைட்டெல்லாம் அவருக்கு வட்டம் வட்டமாகப் பூப்பூத்த மாதிரி தெரியுது. ஓரத்தில் லைட் இல்லாமல் ஒரு லாரி நிற்கிறது. அப்பாவுக்குத் தெரியவில்லை. கிளீனர் பையன் ‘அண்ணா!’ என்று கத்தினான். ஒடித்தார். ஒரு முழம் இடைவெளியிலே தப்பிச்சாங்க. இறக்கம் முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டி, விடிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூட ஒண்ணும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு, “அம்மிணி, எனக்குக் கண்ணு சரியில்லடா. அந்தப் பையனைக் கொன்னிருப்பேன்” என்றார். அழுது நான் பார்த்ததில்லை அவரை. அன்னைக்குப் பார்த்தேன்.

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கண்புரை. இரண்டு கண்ணிலும்.

நடுவர் அவர்களே, அதற்கு நாலே மாசம் முன்னால்தான் லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வாங்கியிருக்கிறார்! படிவம் 1ஏ. கண் நன்றாகத் தெரிகிறது என்று அதிலே கையெழுத்து. எப்படிப் பார்த்தாங்க என்று கேட்டேன். “எங்கம்மிணி பார்த்தாங்க? நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க, இருக்கேன்னேன், போட்டுக் குடுத்துட்டாங்க” என்றார். (சிரிப்பு) சிரிக்காதீங்க ஐயா, இது சிரிக்கிற விஷயமில்லை.

எதிரணி சொல்கிறபடி 60 என்று கோடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘இன்னும் ஆறு வருஷம் தாராளமாக ஓட்டலாம்’ என்று அந்தக் கண்ணோடு அவரை அனுப்பியிருக்கும்! அதே சட்டம், 66 வயசில் ஊசியிலே நூல் கோக்கிற எங்க பெரியப்பாவை வீட்டுக்குப் போ என்றிருக்கும். (கைதட்டல்) அதுவும் எந்த வயசை வைத்து? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கைக்கு வந்த தேதியை வைத்து! பெரியப்பாவின் உண்மையான வயசு எங்க பாட்டிக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. (சிரிப்பு)

விமானிக்கு 65 வயசு வரம்பு இருக்கே என்றார் இன்னொரு சகோதரர். இருக்கட்டும். விமானிக்குப் பக்கத்தில் இன்னொரு விமானி உட்கார்ந்திருக்கிறார். இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று கணக்கு இருக்கிறது. முறையாக உடம்பைப் பரிசோதிக்கிறார்கள். லாரிக்கு? நேஷனல் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேணும் என்று ஒரு விதி இருந்தது. 2018-லே அதையும் எடுத்தாச்சு. நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் வந்தது. அந்த எட்டு மணியை எங்கப்பா ரோட்டிலே பார்த்ததே கிடையாது. முப்பது வயசுக்காரனாக இருந்தாலும் ரெண்டு ராத்திரி தூங்காவிட்டால் கண் சொருகத்தான் செய்யும். தூக்கத்துக்கு ஏது வயசு?

‘பேரனைக் கொஞ்சிக்கொண்டு வீட்டில் இருக்கட்டுமே’ என்றீர்கள். கேட்க இனிக்குது. பேரனுக்கு ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது? அரசு பஸ் ஓட்டுகிறவருக்கு ரிடையர் ஆனால் ஏதோ கையில் வரும். தனியார் லாரி ஓட்டுகிறவர் பலருக்கு, வண்டியை விட்டு இறங்குகிற அன்றைக்கு வருமானமும் இறங்கிவிடும். சோத்துக்கு வழி சொல்லாமல் சாவியை மட்டும் பிடுங்காதீங்க.

நான் கேட்பது வேறே. முன்பு 3 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்த லைசென்ஸை, 2019 திருத்தத்திலே 5 வருஷமாக ஆக்கினாங்க. 25 வயசுக்கும் ஐந்து வருஷம், 65 வயசுக்கும் ஐந்து வருஷம். இது என்ன நியாயம்? ஐம்பதுக்கு மேலே வருஷா வருஷம் கண்ணை நிஜமாகப் பாருங்க. சர்க்கரையைப் பாருங்க, ரத்தக் கொதிப்பைப் பாருங்க.

நடுவர்: அப்போ ஐம்பதும் ஒரு வயசு வரம்புதானேம்மா?

இல்லீங்கய்யா! வரம்பு என்றால் ‘வெளியே போ’ என்று அர்த்தம். நான் சொல்வது, ‘உள்ளே வந்து உட்காருங்க, கண்ணைப் பார்க்கிறேன்’ என்று. (பலத்த கைதட்டல்)

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆச்சு, லென்ஸ் வெச்சாங்க. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் சாவியைத் தொட்டார். இப்போது வயசு 60. இந்த நேரத்தில் ஏதாவது ஒரு தாபாவில் வண்டியை நிறுத்திவிட்டு டி.வி.யில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இருப்பார். அப்பா, பார்த்தது போதும், சாப்பிட்டுவிட்டு நாலு மணி நேரம் தூங்கிட்டுக் கிளம்புங்க.

ஆகவே நடுவர் அவர்களே, வயசு பார்த்து இறக்கிவிடாதீங்க, கண்ணைப் பார்த்து ஏற்றிவிடுங்க என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.