எர்த் மாட்டும் இடம்

நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களின் கைத்திறன் ஊரறிந்தது. வெல்டு எவ்வளவு சீராக ஓடியிருக்கிறது என்று பார்த்துத்தான் அவர்களைப் பாராட்டுகிறோம். ராடு இரும்பைத் தொடுவதற்கு முன்னால் நல்ல வெல்டர் செய்கிற வேலைக்கும் அதே பாராட்டு உரியது என்பது என் எண்ணம்.

மெக்கானிக்கல் டீசல் பம்ப் இருந்த பழைய லாரியில் அந்தப் பம்ப்பை வெல்டிங் எளிதில் கெடுத்துவிடாது. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ்.6 புகை விதிப்படியான வண்டி அப்படியல்ல. எவ்வளவு டீசல் பீய்ச்சுவது, புகையைச் சுத்தம் செய்ய எவ்வளவு யூரியாக் கரைசல் விடுவது என எல்லாவற்றையும் ஈ.சி.யூ. என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் முடிவு செய்கிறது. அதோடு பேசும் சென்சார்கள் பலவற்றுக்கு 5 வோல்ட்டே போதும். வெல்டிங்கில் பாய்வதோ 100 ஆம்பியருக்கும் மேல்!

அந்த மின்சாரம் எர்த் கிளாம்ப் வழியாக வெல்டிங் மிஷினுக்குத் திரும்பியாக வேண்டும். லாரியின் சேஸிஸ்தான் பேட்டரிக்கும் நெகட்டிவ். கிளாம்பை எங்கோ தூரத்தில் மாட்டினால், கரண்ட் கிடைத்த வழியெல்லாம் புகும். வண்டியின் எர்த் ஒயர்களில் ஓடி ஈ.சி.யூ.வைக் கருக்கிவிடலாம். வீல் பேரிங்குக்குள் பாய்ந்தால் உருளைகளில் புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழும். அதன் சத்தம் பிறகுதான் கேட்கும்.

தேர்ந்த வெல்டர் சாவியை அணைத்ததும் பேட்டரியில் கை வைப்பதில்லை. பல பி.எஸ்.6 வண்டிகளில் குழாயில் நிற்கும் யூரியாக் கரைசலை பம்ப் டேங்குக்கே இழுத்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் பொறுப்பார். பிறகு நெகட்டிவ், அதன்பின் பாசிட்டிவ் என்று கழற்றுவார். நெகட்டிவ் கழன்றுவிட்டால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. ஈ.சி.யூ., ஆல்டர்னேட்டர் இணைப்புகளையும் எடுத்து, தூசி படாமல் மூடிவைப்பார்.

அடுத்ததுதான் முக்கியம். எந்தத் துண்டில் வெல்டு வைக்கிறாரோ, அதே துண்டில், பக்கத்திலேயே பெயிண்டையும் துருவையும் கிரைண்டரால் தேய்த்து, பளபளக்கும் இரும்பு தெரிந்த பிறகே கிளாம்பை மாட்டுவார். ராடுக்கும் கிளாம்புக்கும் நடுவில் பேரிங் எதுவும் வராது. வெல்டிங் கேபிள் வண்டியின் ஒயரிங்கை ஒட்டிக் கிடக்காது. ஏர் பிரேக் நைலான் குழாய்மேல் பொறி விழாதபடி மறைப்பும் இருக்கும். வேலை முடிந்ததும் பேட்டரியில் பாசிட்டிவை முதலில், நெகட்டிவைக் கடைசியில் மாட்டுவார்.

இந்த முன்னேற்பாட்டுக்குத் தனிக் கூலி கிடையாது. செய்து முடித்தால் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. "சின்ன டச்தானே, அப்படியே வெச்சு விடுங்கண்ணே" என்று அவசரப்படுத்துகிறவர்கள் நாம்தான். அப்போதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பேட்டரிப் பக்கம் போகிறவரே முழுமையான தொழில்காரர்.

லாரி உரிமையாளர்களே, அடுத்த முறை வண்டியை விடும்போது இந்த முன்னேற்பாட்டுக்கான நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கான கூலியையும் கொடுங்கள். அவர் காப்பாற்றுவது உங்கள் வண்டியை.